மெற்றில்டா அக்கா வீட்டுக் கறுப்புத் தொலைபேசி

ஒரு தொலைபேசியின் வயதை அதன் உறுப்புகளைப் பார்த்தே சொல்லக்கூடியவன் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒருவன்தான் இருக்கிறான், அது நான். கொழும்புத்துறையில், மெற்றில்டா அக்கா வீட்டு மேசையில், அவருடைய கறுப்புத் தொலைபேசி என் முன்னால் கவிழ்ந்து கிடக்கிறது. யன்னல் வெயில் அதன் வயிற்றுக்குள் விழுகிறது. துணி சுற்றிய வயர் இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தியது. சுழல்தட்டின் பின்புறத்தில் 56 என்று வருடம் குத்தியிருக்கிறது. ரிசீவரோ அதற்கும் பத்து வருடம் இளையது. திருத்தியவர்கள் எல்லோரும் கையில் அகப்பட்டதைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்றாம் முறையாகக் கழற்றிப் பார்க்கிறேன். அது மூன்று வயதையும் விட்டுக்கொடுக்காமல் சொல்கிறது. இந்த எரிச்சலுக்கு நடுவில் அக்கா வந்து ரிசீவரைப் பறித்துக் காதில் வைக்கிறார். காலையிலிருந்து இது நாலாம் தரம்.

"அக்கா, சண்டையிலை லைன் அறுந்து ஒரு வருசமாச்சு. உதுக்குள்ளை ஆர் இருக்கினம், கரப்பான் பூச்சியோ?"

"நீர் வயசைப் பாரும். என்ரை மனுசனும் உம்மடை அண்ணையும் கொழும்பிலை ஒரே அறையிலை எல்லோ இருக்கினம்? லைன் வாற அண்டைக்கு இது வேலை செய்யோணும். பிழையாப் பூட்டினீரோ, உமக்கு இருக்கு!"

அக்கா தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போகிறார். எல்லாவற்றையும் பூட்டி நிமிர்த்துகிறேன். மேசையில் ஒரு திருகாணி மிச்சமாக உருளுகிறது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு குசினி வாசலை ஒருமுறை பார்க்கிறேன். பிறகு ரிசீவரைக் காதில் வைத்து, அண்ணையின் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சுழற்றுகிறேன். தட்டு கிர்ரென்று திரும்பி வரும்வரை காத்திருந்து அடுத்ததைச் சுழற்றுகிறேன். காதுக்குள் இரைச்சல்கூட இல்லை.

"ஹலோ" என்கிறேன், மெதுவாக.