ஒரே திருப்பில்

அடுப்போரம் கம்பளிக்குள் கிடந்ததை இரிஸ்பெக் இரண்டு கையாலும் மெல்லத் தூக்கினான்.

"பெத்த பிள்ளைக்கு ஒரு நாள் எழுந்து போர்த்தி விட்டதில்ல," என்றாள் அனார்குல், மடியில் குழந்தையைத் தட்டிக்கொண்டே. "பேட்டரிக்குக் கம்பளி."

"வெளியில விட்டா குளிர்ல செத்துடும்டி."

"சாகட்டும்."

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. போன குளிர்காலத்தில் அவளுக்கு வலி எடுத்த காலையில், இந்தப் பழைய டீசல் கார் இருமியதே தவிரக் கிளம்பவில்லை. பக்கத்து வீட்டு வைக்கோல் லாரியில்தான் பிள்ளை பிறந்தது. இந்தக் குளிருக்கும் வண்டி அதே இருமல் இருமவே, "இந்த வாரத்துக்குள்ள ஒண்ணு அது வாசலைத் தாண்டணும், இல்லாட்டி நானும் பிள்ளையும் தாண்டிடுவோம்" என்று சொல்லிவிட்டாள். சும்மா மிரட்டுகிறவள் இல்லை. துணிமணியெல்லாம் மூட்டையாகிக் கதவோரம் இருந்தது.

வாங்க வந்த இரண்டு பேர் ஏற்கெனவே கையை விரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அத்பாஷி என்ற அந்த மலையூரின் ஜனவரிக் காலையில் பழைய டீசல் வாங்க வருகிறவன் பெயிண்டையோ டயரையோ பார்க்க மாட்டான். கையுறையைக் கழற்றி பானெட்டில் உள்ளங்கையை வைப்பான். சில்லென்று இருந்தால் "இப்ப கிளப்பு" என்பான். பரீட்சை அவ்வளவுதான். இரிஸ்பெக் இரண்டு தடவையும் அதில் தேறவில்லை.

இன்று வருகிறவர் மூன்றாவது ஆள். கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் கோச்கோர் ஊர்க்காரர், முந்தின நாளே வந்து உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். போனில் விலைகூடக் கேட்கவில்லை. "அதே வெள்ளை டீசல்தானே? எஞ்சின்ல எதுவும் கைவைக்கலையே?" என்று மட்டும் விசாரித்தார். தொட்டதே இல்லை என்று இரிஸ்பெக் சத்தியம் செய்திருந்தான்.

விடிவதற்கு முன்பே டீசல் குளிரில் உறையாமலிருக்க அதில் மண்ணெண்ணெய் கலந்தாயிற்று. வறட்டித் தணலைத் தட்டில் அள்ளி எஞ்சினுக்கு அடியில் தள்ளியாயிற்று. முன்பக்கம் முழுக்க மெத்தை போர்த்தியிருந்தது. இப்போது சூடான பேட்டரியை மாட்டினான்.

"ரொட்டி சுடறதுக்கு வச்சிருந்த தணல் எங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இன்னைக்கு வித்துடும், பாரு."

"பார்த்துக்கிட்டேதான இருக்கேன், கல்யாணம் ஆன நாள்லேர்ந்து."

கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டது. தட்டை இழுத்துத் தணலைப் பனியில் புதைத்தான். மெத்தையைச் சுருட்டிக் கொட்டகைக்குள் எறிந்தான். பனியை வாரி வாரி பானெட்டில் தேய்த்துத் துடைத்தான். விரல்கள் மரத்துப்போயின. இவ்வளவு பாடு அவன் தன் கல்யாணத்துக்குக்கூடப் பட்டதில்லை.

வந்தவர் நரித்தோல் தொப்பி போட்ட பெரியவர். பெயர் சாதிபால்டி என்றார். தேநீர் வேண்டாம் என்றவர், நேரே காரிடம் போய் கையுறையைக் கழற்றி பானெட்டில் கை வைத்தார்.

"ராத்திரி முழுக்க வெளியிலயா நின்னுச்சு?"

"இதே இடத்துலதான் ஐயா."

"கிளப்பு."

எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் விளக்கு அணைகிற வரை காத்திருந்து இரிஸ்பெக் சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பு. இருமல் இல்லை, முனகல் இல்லை, எஞ்சின் பிடித்துக்கொண்டது. சன்னலில் அனார்குல் வாயைத் திறந்தபடி நின்றாள்.

பெரியவரின் முகம் சுருங்கியது. "அணைச்சுட்டு இன்னொரு தடவை."

மறுபடியும் ஒரே திருப்பு.

"நல்ல வண்டி தம்பி," என்று கையுறையை மாட்டிக்கொண்டார் பெரியவர். "எனக்கு வேண்டாம்."

இரிஸ்பெக் இறங்கி ஓடி வந்தான். "விலையே இன்னும் பேசலையே ஐயா. குறைச்சுக்கலாம். பனி டயர் நாலும் சேர்த்துத் தர்றேன். ஒரு ஆட்டையும் ஏத்தி விடறேன்."

"ஆடு எங்கிட்டயே நிறைய இருக்கு."

"அப்ப என்னதான் குறை? அதையாவது சொல்லிட்டுப் போங்க. ஒரு பழைய வண்டி இதுக்கு மேல எப்படிக் கிளம்பும்?"

பெரியவர் மலைப்பக்கம் பார்த்தார். "போன வருஷம் என் மூத்தவன் கொட்டற பனியில காரை எடுத்துக்கிட்டுக் கணவாய் ஏறினான். பள்ளத்துலேர்ந்துதான் அவனை எடுத்தோம். இப்ப சின்னவன், கார் வாங்கிக் குடு, இல்லாட்டி ரஷ்யாவுக்குப் போயிடுவேன்னு நிக்கிறான்."

இரிஸ்பெக் அவர் பின்னாலேயே கேட் வரை நடந்தான்.

"மூணு நாளைக்கு முந்தி உங்கிட்ட வந்து பார்த்துட்டுத் திரும்பினவன் எங்க ஊர்க்காரன்," என்றார் பெரியவர், கேட்டைத் திறந்துகொண்டே. "குளிர்ல இது கிளம்பவே கிளம்பாதுன்னான். அதான் வந்தேன்."