கொடி அகற்றிய பெட்டி

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. எஹலியகொடைக்கு அருகே றப்பர்த் தோட்டத்தின் ஓரத்தில் நிற்கும் பழைய ரயில் பெட்டி, அதைக் காக்க வந்தவர்களின் கண்ணெதிரிலேயே இரும்பு விலைக்கு வெட்டப்படுகிறது.

மழைவிட்ட காலை வெளிச்சம் மரங்களினூடே சாய்ந்து விழ, காஸ் கட்டரின் நீலச் சுடர் பெட்டியின் பக்கத் தகட்டில் மெல்ல ஊர்கிறது. ரயில் ஆர்வலர் சங்கத்தின் செயலாளர் ஹில்மி குடையை மடக்கவும் மறந்து நிற்கிறார். இரத்தினபுரிக்குச் சென்ற தண்டவாளம் பிடுங்கப்பட்ட பின்னர், பல்லாண்டுகள் காட்டுக்கொடி மூடிக் காத்த பெட்டி இது. சென்ற மாதந்தான் அவரும் நண்பர்களும் கொடியை வெட்டி, மண்ணெண்ணெய் இட்டுத் துருவைத் தேய்த்து, படமெடுத்து முகநூலில் இட்டார்கள். பாராட்டுகள் குவிந்தன. தோட்டத்தின் உரிமையாளரிடம் மட்டும் ஒருவரும் பேசவில்லை.

"படத்தப் பாத்துத்தான் வந்து தோட்டக்காரர்கிட்ட வெலைக்கு வாங்கினோம் நானா," என்று ஹில்மியை அண்ணனாக விளித்துச் சொல்கிறார் வெட்டுபவர், கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி. "இல்லாட்டி இங்க இப்படி ஒண்ணு கெடக்குறதே எங்களுக்குத் தெரியாதுங்க. நல்லா வெளக்கி வச்சிருக்கீங்க."

அவர் குரலில் ஏளனம் இல்லை. அதனால் ஹில்மியால் கோபப்படவும் இயலவில்லை. சூட்டில் மேற்பூச்சு சுருண்டு உரிகிறது. சங்கத்து நண்பர் பிரதீபன் குனிந்து உற்றுப் பார்க்கிறார்.

"நான் சொன்னேன்ல ஹில்மி நானா, அடியில செவப்புத்தான். பச்சைன்னு எவ்வளவு சண்ட போட்டீங்க."

சிவப்பு தெரிந்த அந்தத் தகடு ஈரமண்ணில் சரிந்து விழுகிறது. இருவர் அதைத் தூக்கி லொறியில் எறிகிறார்கள்.

வாசகரே, உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று மறைந்து கிடக்கலாம். அதைத் துலக்கிப் படமெடுக்கும் முன், உடையவரிடம் சென்று, விற்பதில்லை என்று எழுதி வாங்குங்கள்.