நூறு வருடத்துக் கறுப்பு

மதிய வெயில் மேசையில் விரித்த நீலத் துணி வரை வந்து நிற்கிறது. துணியில் என் கணவர் சேர்த்த பழைய பதக்கங்கள், ஏதோ பாலத் திறப்புக்கும் படகுப் போட்டிக்கும் நினைவாக அடித்தவை. எல்லாம் கறுத்துக் கிடக்க, ஒன்று மட்டும் பளபளக்கிறது. அவர் தூங்கி எழுவதற்குள், சந்தோஷப்படுவாரென்று நான் தேய்த்து வைத்தது. “நூறு வருஷம் ஏறின கறுப்பும்மா. அதுக்காகத்தானே வாங்கினேன்,” என்கிறார். “சொன்னாத்தானே தெரியும். இந்த மேசைப் பக்கம் என்னை என்னிக்கு உட்கார வெச்சீங்க?” அவர் அந்தப் பளபளக்கும் பதக்கத்தை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்புகிறார். வெளிச்சத் துண்டு ஒன்று கூரையில் மிதந்து, அலமாரியில் வழிந்து, என் கன்னத்தில் வந்து தங்குகிறது. அவர் என்னையே பார்த்தபடி, கையை அசைக்காமல் வைத்திருக்கிறார்.