வூ நாட்டு இளவரசன்

டண்டினொங் ஊரிலிருந்த தன் பேக்கரியைக் கடைசி மகள் டில்ஷாவிடமே ஒப்படைப்பதாக கொட்பிறி முடிவெடுத்திருந்தார். அவளுக்கோ சிட்னியில் சீன வரலாறு படிப்பிக்கும் வேலை கிடைத்திருந்தது. நேரே மறுக்கத் துணிவில்லாமல் ஒரு கதை சொன்னாள்.

“பழைய சீனாவில வூ எண்டொரு நாடு, அப்பா. அரசர் கடைசி மகனுக்குத்தான் முடி எண்டார். அண்ணன்மாருக்கும் சம்மதம். அவன் மாட்டனெண்டு வயல் செய்யப் போயிட்டான். இண்டைக்கும் அவனைப் புகழுகினம்.”

கொட்பிறி அவளையே பார்த்தார். “விளங்குது. நீ சிட்னிக்குப் போ, பிள்ளை.”

டில்ஷாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“பிறகு அந்த நாட்டுக்கு என்ன நடந்தது?” என்று கேட்டார்.

வரலாற்றில் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. “அண்ணன்மாற்ற பிள்ளையள் முடிக்கு அடிபட்டவை. ஒருத்தன் மற்றவனை விருந்துக்குக் கூப்பிட்டுக் கொலை செய்துபோட்டான்.”

வீட்டுக் குசினியில் அவளுடைய அண்ணன்மாரின் மகன்கள், அப்பப்பாவுக்குப் பிறகு பேக்கரி யாருக்கென்று சத்தமாகத் தர்க்கித்துக்கொண்டிருந்தார்கள்.

சிட்னி வேலை வேண்டாமென்று அன்றே டில்ஷா எழுதி அனுப்பினாள்.