அப்பா என்ன சொல்றாரு?

"பையனுக்கு எந்த ஊருன்னு அப்பா கேக்குறாரு" என்றாள் தாமரைச்செல்வி.

"வாடிப்பட்டி" என்றாள் சரண்யாதேவி, தலையைத் தூக்காமல். "மதுரையில என்கூட லேப்லதான் வேலை பாக்குறாரு."

உசிலம்பட்டிக்கு மேற்கே மலைப்பக்கம் மழை இறங்கிக்கொண்டிருந்தது. இங்கே இன்னும் ஒரு துளி விழவில்லை. ஈரக்காற்று மட்டும் முந்திக்கொண்டு வந்து வாசலெங்கும் வேப்பம்பூவை இறைத்தது. கட்டிலில் சாய்ந்திருந்த நல்லகாமன் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரும்பும் பையனைப் பற்றிச் சொல்லக் காலையில் வந்த மகளிடம் அவர் நேராக எதையும் கேட்கவில்லை. எல்லாம் மனைவி வழியாகத்தான்.

அவர் ஏதோ சொன்னார்.

"குடி கிடி உண்டாங்குறாரு."

"சத்தியமா இல்லம்மா."

கொட்டத்தில் மாடு கத்தியது. மறுபடி ஏதோ சொன்னார்.

"மாடு கன்னு பக்கத்துல போவாராமா?"

"பயப்படுவாரு" என்றாள் மகள். அதுவரை இறுகியிருந்த முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

தாமரைச்செல்வி முந்தானையைத் திருகினாள். "நம்ம ஆளுகளா?"

சரண்யாதேவி நிமிர்ந்தாள். "இது அப்பா கேட்டதா, நீ கேக்குறதா?"

"நாந்தேன்."

"இல்லம்மா."

தாமரைச்செல்விக்கு எல்லாச் சத்தமும் தூரத்துக்குப் போனது போலிருந்தது. ரோட்டில் பஸ் போனது கனவில் போவதுபோல் கேட்டது. நாளைக்கே பங்காளிகள் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களைச் சமாளித்துவிடலாம். ஆனால் இவர் வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், இந்தப் பிள்ளை இந்த வாசலை மறுபடி மிதிக்க மாட்டாள். அவள் கணவனின் முகத்தையே பார்த்தாள்.

நல்லகாமன் மெல்ல மகள் பக்கம் திரும்பினார். கண்கள் கலங்கியிருந்தன. உதடு நடுங்க, மகளிடமே ஏதோ சொன்னார்.

"அப்பா என்னம்மா சொல்றாரு?" சரண்யாதேவி பதறினாள்.

தை மாதம் பக்கவாதம் வந்து விழுந்ததிலிருந்து அவர் வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான். பசித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான், மாட்டைத் தேடினாலும் அதுதான். முகத்தையும் குரலையும் வைத்து தாமரைச்செல்விதான் ஒவ்வொரு தடவையும் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஹேப்பின்னுதேன் சொல்றாரு தாயி" என்றாள் அழுதுகொண்டே. "இந்தத் தடவ அந்தச் சொல்லுக்கு அதேதேன் அர்த்தம்."