யார் வீட்டுக் கரகரப்பு

"ரேடியோவைப் போட்டா கரகரங்குது. டிவியில படம் கட்டம் கட்டமா உடையுது. பத்து நாளா இதே கூத்து. எல்லாம் மொட்டை மாடியில நிக்கற அந்த ஏரியல் கம்பத்தால வந்த வினை" என்றான் அதே கட்டடத்தில் குடியிருக்கும் எலக்ட்ரீஷியன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. எட்டு வீட்டுக்காரர்களும் முற்றத்தில் கூடியிருந்தார்கள்.

கம்பத்துக்குச் சொந்தக்காரர் சுவரோரமாக நின்றார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை. மாலையானால் ஹாம் ரேடியோ முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாத ஆட்களிடம் "ஹலோ, கேக்குதா?" என்று பேசிக்கொண்டிருப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் ஹலோ சார்.

எலக்ட்ரீஷியனுக்கு அவரைக் கண்டாலே இளக்காரம். எதிர் வீட்டுக்காரனோடு நாலு வார்த்தை பேச வராது, கடல் தாண்டி எவனோடோ அரட்டை. அதற்குப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வேறு வாங்கியிருக்கிறாராம்.

"எனக்கும் அதே கரகரப்புதான் தம்பி" என்றார் ஹலோ சார். "ஒருத்தர் பேசறதும் காதுல விழல. என் பெட்டியை அணைச்சேன், வீட்டு மெயினையும் அணைச்சேன். பேட்டரி ரேடியோவில கேட்டா அப்பவும் சத்தம் வருது. ஒவ்வொரு வீட்டு மெயினையும் ஒரு நிமிஷம் அணைச்சுப் பார்த்தா, எங்கேருந்து வருதுன்னு பிடிச்சிடலாம்."

"திருடனே தன் வீட்டைச் சோதனை போட்டு, ஒண்ணும் இல்லைன்னு சொன்னானாம்" என்றான் எலக்ட்ரீஷியன்.

எல்லோரும் சிரித்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளரம்மா கையமர்த்தினார்.

"பார்த்துட்டு வரட்டும். ஆனா உங்க வீட்டுக் கோளாறுன்னு தெரிஞ்சா, இன்னைக்கே கம்பத்தை இறக்கிடணும். சரியா சார்?"

"சரிங்க."

உள்ளங்கையளவு ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு அவர் படியேறினார்.

"என் வீட்டுக்கும் போங்க சார், என் மனைவி இருக்கா" என்று எலக்ட்ரீஷியன் குரல் கொடுத்தான். "மூணு மாசம் முன்னாடி நானே இழுத்த வயரிங். வேலைன்னா எப்படி இருக்கணும்னு பார்த்துக் கத்துக்கலாம்."

செயலாளரம்மா காதில் விழட்டும் என்றுதான் அவ்வளவு சத்தம். பின்பக்கக் கட்டடம் முழுக்கப் புது வயரிங் போடப் போகிறார்கள். யாருக்கு வேலை என்பது அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

ஹலோ சார் இறங்கிவர முக்கால் மணி நேரமாயிற்று.

"நின்னுபோச்சு. போட்டுப் பாருங்க" என்றார்.

கீழ் வீட்டு டிவி பளிச்சென்று பேசியது.

"கோளாறு எங்கே சார்?" என்று கேட்டார் செயலாளரம்மா.

ஹலோ சார் ஒரு தரம் மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"என் வீட்லதாங்க. முதல்ல நான் சரியாப் பார்க்கல. மன்னிச்சிடுங்க."

"நான் அப்பவே சொல்லல?" எலக்ட்ரீஷியன் ஸ்பேனரோடு கிளம்பிவிட்டான். "அவங்கவங்க முதுகு அவங்கவங்களுக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க."

"நானே இறக்கிடறேன் தம்பி."

"வேண்டாம் சார். நீங்க தொட்டா மறுபடி எதாவது கரகரக்கும்."

போல்ட்டுகளை அவனே கழற்றினான். கம்பம் சாயாமல் ஹலோ சார் அடியில் தாங்கிப் பிடித்தார். இறங்கிய கம்பியைச் சிக்கு விழாமல் முழங்கையில் சுற்றிக்கொண்டார்.

"இனிமே யாருக்கு சார் ஹலோ சொல்வீங்க?"

"உங்களுக்குச் சொல்றேன் தம்பி."

அவர் சிரித்ததைப் பார்த்து எலக்ட்ரீஷியனுக்கு எரிச்சல்தான் வந்தது. குட்டுப்பட்டும் ரோஷமில்லாத ஜென்மம் என்று நினைத்துக்கொண்டான்.

கீழே செயலாளரம்மா காத்திருந்தார். "பின்பக்கக் கட்டடத்து வேலை உங்களுக்குத்தான். நாளைக்கே ஆரம்பிச்சிடுங்க. கரண்ட் விஷயம், தெரிஞ்ச கை பார்த்தாதான் நிம்மதி."

அவன் ரெண்டு ரெண்டு படியாகத் தாவி வீட்டுக்குப் போனான்.

மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"கம்பத்தை இறக்கிட்டீங்களா?"

"வேரோட பிடுங்கியாச்சு. அந்த மனுஷன் மூஞ்சியை நீ பார்த்திருக்கணும். ஊர்ல இருக்கற மெயினையெல்லாம் அணைச்சுப் பார்த்துட்டு, கடைசியில தன் வீட்லயே ஓட்டை. இவருக்கு லைசென்ஸ் வேற குடுத்திருக்காங்க."

அவள் சிரிக்கவில்லை. குழந்தையின் கட்டில் நடு அறைக்கு வந்திருந்ததை அப்போதுதான் பார்த்தான்.

"ஏன் இதை நகர்த்தின?"

அவள் உள்ளங்கையை விரித்தாள். இரண்டு அங்குல ஒயர். மேலுறை உருகி, கரிக்கட்டையாகிக் கிடந்தது.

அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. திருகாணியைச் சரியாக முறுக்காமல் விட்ட நியூட்ரல் ஒயர். பொறி அடித்துப் பொறி அடித்துத்தான் இப்படி ஆகும். அதுதான் கட்டடம் முழுக்கக் கரகரத்திருக்கிறது.

"எங்கே இருந்தது?" என்றான்.

"குழந்தை தலைமாட்டுல, சுவிட்ச் பெட்டிக்குள்ள. நம்ம மெயினை அணைச்சதும் அவர் ரேடியோ அமைதியாயிடுச்சு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா தீப்பிடிச்சிருக்கும்னார். கருகினதை வெட்டி எடுத்துட்டு, அவரே புதுசா முறுக்கிக் குடுத்தார். நான் பதறிப்போய் உங்களைக் கூப்பிட ஜன்னலுக்கு ஓடினேன்."

"கூப்பிட வேண்டியதுதானே?"

"அவர் விடல. 'இப்பக் கூப்பிடாதீங்கம்மா, கீழே எல்லாரும் நிக்கறாங்க, தம்பி பொழப்பு போயிடும். நான் என் வீட்டுக் கோளாறுன்னு சொல்லிக்கறேன்'னுட்டு இறங்கிப் போனார்."