இளஞ்சூடு

"பச்சக்குழந்தைக்குப் பால் பாட்டிலைச் சுடவெக்கிற மெஷின்ல மாட்டுத்தோல் பசையைக் காச்சறீங்களே மாப்பிள்ளை, உங்களுக்கே இது நல்லாயிருக்கா?"

திரௌபதி கேட்டது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். வளவன் தலையைத் தூக்கவில்லை.

"வஜ்ரம் அத்தை. வயலின் ஒட்டறதுக்கு."

"வஜ்ரமோ வஞ்சிரமோ, வீடு பூரா நாறுது."

அந்த மெஷினை வாங்கியவளே திரௌபதிதான். மகள் சினேகாவின் வளைகாப்புக்கு வேலூரில் கடை கடையாக ஏறி வாங்கினாள். போன மாசம் பிறந்த குழந்தை ஆஸ்பத்திரியை விட்டு உயிரோடு வெளியே வரவே இல்லை. மெஷின் மட்டும் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டது.

"அடுப்பு இல்லியா வீட்ல?"

"நேரா அடுப்புல வெச்சா தீஞ்சிடும் அத்தை. சுடுதண்ணிக்குள்ள வெச்சு இளஞ்சூட்டுல உருக்கணும். அதுக்குன்னு விக்கிற சட்டி விலை ஜாஸ்தி. கொஞ்சூண்டு பசைக்கு இதுவே போதும்."

"செலவு கம்மி பண்றதுக்கு என் பேரனோட மெஷின்தான் கெடைச்சுதா?"

வளவன் செங்கம் ரோட்டு ஆசிரமங்களில் தங்கும் வெள்ளைக்காரர்களின் வயலினையும் ஆர்மோனியத்தையும் ரிப்பேர் பார்க்கிறவன். கை சுத்தம் என்று ஊரில் பேர். மனசு மரக்கட்டை என்பது திரௌபதிக்கு இப்போதுதான் தெரிந்தது.

சினேகா மெஷின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அதன் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அம்மா வந்ததற்கு 'வாம்மா' என்றுகூடச் சொல்லவில்லை. சாப்பிட்டியா என்றதற்கும் பதில் இல்லை.

"இதை தினம் கண்ணெதிர்ல பாத்தா எவளுக்குத்தான் பேச்சு வரும்? எம்பொண்ணை நான் கூட்டிக்கிட்டுப் போறேன். இந்தக் கண்றாவியை ஏரியில போடறேன்."

திரௌபதி போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

சினேகா எழுந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பிளக்கை வாங்கி மறுபடி மாட்டினாள். தண்ணீருக்குள் இருந்த கண்ணாடி பாட்டிலில் குச்சியை விட்டு எடுத்து, மணிக்கட்டின் உட்பக்கம் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். மறுபடி ஒரு சொட்டு.

"சூடு சரியா இருக்கு. ஆறிடப்போவுது, எடுத்துக்குங்க."

திரௌபதி வந்ததிலிருந்து மகளின் குரலை அப்போதுதான் கேட்கிறாள்.

வளவன் பாட்டிலைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டான். "சரியான சூடு, சினேகா" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனான்.

திரௌபதி விடவில்லை. பின்னாலேயே போனாள். இன்னும் நாலு வார்த்தை கேட்காமல் அவள் மனசு ஆறாது.

வளவன் பட்டறைக்குள் போகவில்லை. கொல்லைச் சுவரோரம் குனிந்து, பாட்டிலை மண்ணில் கவிழ்த்தான். அங்கே ஏற்கெனவே பழுப்புப் பழுப்பாகப் பசை காய்ந்து கட்டி கட்டியாகக் கிடந்தது.

"என்ன மாப்பிள்ளை, கொட்டறீங்க? வயலினு?"

"எந்த வயலின் அத்தை? பட்டறையைத் தொறந்தே ஒரு மாசமாச்சு." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும், பால் நேரத்துக்கெல்லாம் வெறுந்தண்ணியைக் காயவெச்சு உக்காந்திருந்தா. பேச்சே இல்ல. சூடு பண்ணிக் குடுக்கறதுக்கு அவளுக்கு ஏதாவது வேணுமில்ல?"